என்ஜினைப் பிரிக்கும் முன் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்

நடுக்கடலில் என்ஜின் நின்ற விசைப்படகைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்த மறுநாளே மெக்கானிக் வந்துவிடுகிறார். மதியத்துக்குள் பிஸ்டன் ஒரு பக்கம், கிராங்க் ஷாப்ட் ஒரு பக்கம் தார்ப்பாயில் கிடக்கும். பழைய பியரிங் காயலான் கடைக்குப் போய்விடும். நான்காம் நாள்தான் இன்சூரன்ஸ் நினைவு வரும். சர்வேயர் வந்து எதைப் பார்ப்பார்? குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் எங்கும் இதே கதைதான்.

மீனவர் குழு விபத்துக் காப்பீடு ஆளுக்கு, படகுக்கு அல்ல. அந்தக் காகிதத்தைக் காட்டி என்ஜினுக்குப் பணம் கேட்காதீர்கள்.

படகு பாலிசி இருந்தாலும், 1963ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தேய்மானத்துக்கும், கடல் ஆபத்தால் நேராத இயந்திரப் பழுதுக்கும், பாலிசியில் தனியே எழுதியிருந்தால் ஒழிய, பணம் கிடையாது. 1887இல் 'இஞ்ச்மரி' கப்பலின் பம்பு வழக்கில் காப்பீட்டு நிறுவனம் வென்ற பிறகுதான், ஷாப்ட் முறிவு, வெளியே தெரியாத உள்குறை ஆகியவற்றுக்கென ஒரு தனி விதி பிறந்தது. அது உங்கள் பாலிசியில் உண்டா? 'முழு இழப்பு மட்டும்' என்று போட்டிருக்கிறதா? பிரீமியம் கட்டும் அன்றே கேளுங்கள்.

முகத்துவாரத்தில் என்ஜின் நின்று, அலை படகைக் கல்லில் மோதவிட்டால் கணக்கு வேறு. என்ஜின் செலவு உங்களுடையதாகலாம். கல்லில் மோதிய சேதம் கடல் ஆபத்து. "என்ஜின் கோளாறு" என்ற ஒரே வார்த்தையில் இரண்டையும் தள்ளுபடி செய்தால் விட்டுவிடாதீர்கள். கோளாறு தெரிந்தே கடலுக்கு அனுப்பியிருந்தால் மட்டும் வழக்கு நிற்பது கடினம். அதனால்தான் தடைக்காலத்தில் (கிழக்கே ஏப்ரல் 15 – ஜூன் 14, மேற்கே ஜூன் 1 – ஜூலை 31) செய்த சர்வீஸ் பில்லைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன்.

ஆபத்தில் கடலோரக் காவல்படையை 1554இல் அழையுங்கள், நேரத்தைக் குறித்துவையுங்கள். கரைக்கு வந்த அன்றே காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஏஜெண்டிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. படகுப் பதிவுச் சான்று, பாலிசி, போட்டோ ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள்.

மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்கே முதலில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, திருப்தியில்லை என்றாலோ சென்னை தேனாம்பேட்டையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, மறுப்பு வந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு அவகாசம்.

இத்தனை வாசலும் திறந்திருந்தாலும், உள்ளே காட்டக் கையில் பொருள் வேண்டும். மறுபடி சொல்கிறேன்: சர்வேயர் பார்க்கும்வரை ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால், போட்டோ எடுத்துவிட்டு, உடைந்த பாகத்தை வீட்டில் வையுங்கள். காயலான் கடை எங்கும் ஓடிவிடாது.