வயித்துக்குள்ள ஒரு பசை!

ராக் அண்ட் ரோல் ராஜா எல்விஸ் பிரெஸ்லியைத் தெரியும்தானே? அவருடைய ஒரே மகள் லிசா மேரி பிரெஸ்லி, 2023 ஜனவரி 12-ம் தேதி இறந்துபோனார். வயசு 54. அன்னிக்குக் காலையில் 'வயிறு வலிக்குது'னு சொல்லியிருக்கிறார். அப்புறம் இதயம் நின்னுடுச்சு. 'மாரடைப்பு'னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆறு மாசம் கழிச்சு வந்த லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவப் பரிசோதனை அறிக்கை வேற கதை சொன்னது. காரணம், சிறுகுடல் அடைப்பு! பல வருஷங்களுக்கு முன்னாடி உடல் எடையைக் குறைக்க ஓர் ஆபரேஷன் செஞ்சிருக்கிறார். அப்போ உள்ளே உருவான தழும்புத் திசு, குடலை இறுக்கிப் பிடிச்சிடுச்சு.

'அமெரிக்கா மேட்டர் நமக்கு எதுக்கு பாஸ்?'னு பக்கத்தைப் புரட்டாதீங்க. எடை குறைப்பு ஆபரேஷன் இப்போ நம்ம பக்கமும் சகஜம். திருப்பத்தூர்க்காரர்கள் பெரிய ஆபரேஷன்னா வேலூர், சென்னை, பெங்களூருனு கிளம்பிடுவோம். சிக்கல் என்னன்னா, ஆபரேஷன் நடக்கிறது பெரிய ஊரில். நாலு வருஷம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வர்றது நம்ம ஊரில்!

உள்ளே என்னதான் நடக்குது?

நம் குடல் சுமார் ஆறேழு மீட்டர் நீளம். இவ்வளவு நீளமான பைப், சிக்காமல் வழுக்கிக்கிட்டே இருக்கக் காரணம், வயிற்றின் உள்பக்கம் முழுக்க இருக்கும் வழுவழுப்பான ஈரச் சவ்வு. கத்தி பட்டாலோ, ரத்தம் கசிந்தாலோ, சவ்வு காய்ந்தாலோ அங்கே ஃபைப்ரின் என்ற பசை சுரக்கும். புண்ணை மூட உடம்பு போடும் பஞ்சர் ஒட்டு அது. வழக்கமா சில நாளில் உடம்பே அதைக் கரைச்சிடும். கரையாமல் போனால்? கொலாஜன் நார் வந்து குடியேறும். தற்காலிகமா ஒட்டின பசை, நிரந்தர கான்கிரீட் ஆகிடும். குடலும் குடலும், குடலும் வயிற்றுச் சுவரும் ஒட்டிக்கும். டாக்டர்கள் இதை 'அட்ஹீஷன்' என்கிறார்கள். நம்ம பாட்டிங்க 'குடல் ஒட்டிக்கிச்சு'னு சொல்வாங்களே, அதேதான்.

இது அபூர்வம்னு நினைச்சா தப்பு. ஏற்கெனவே வயிறு திறக்கப்பட்ட 210 பேருக்கு மறுபடி ஆபரேஷன் செய்தபோது, 93 சதவீதம் பேருக்கு உள்ளே ஒட்டு இருந்ததாக 1990-ல் மென்சீஸ், எல்லிஸ் என்ற டாக்டர்கள் எழுதினார்கள். ஆனால் பயப்படாதீங்க... பெரும்பாலானவர்களுக்கு அது ஆயுசு முழுக்க ஒரு தொல்லையும் தராது. சிசேரியன் ஆன அம்மா, அப்பெண்டிக்ஸ் எடுத்த ஹாஸ்டல் ரூம்மேட் எல்லாரும் இந்த லிஸ்ட்டில் இருக்கலாம்!

ரெண்டாவது தடவைதான் டெஸ்ட்!

சிக்கல், மறுபடி வயிற்றைத் திறக்கும்போதுதான். எடை குறைப்பு ஆபரேஷன் செஞ்சவங்களுக்கு அந்த 'மறுபடி' வர வாய்ப்பும் உண்டு. எடை வேகமா குறைஞ்சா பித்தப்பையில் கல் உருவாகலாம். பழைய தையல் இடத்தில் குடல் பிதுங்கலாம். குடல் அடைக்கலாம்.

அப்போது சர்ஜனுக்கு ரெண்டு தலைவலி. முதலாவது, பசை. எது குடல், எது தழும்புனு பிரிச்சுப் பார்த்து மில்லிமீட்டர் மில்லிமீட்டரா வெட்டணும். நெதர்லாந்தில் 2000-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இப்படி வயிற்றை மறுபடி திறந்த 270 பேரில் 52 பேருக்குத் தெரியாமலேயே குடலில் ஓட்டை விழுந்திருந்தது. அனுபவசாலிகளுக்கும் இது நடக்கும்.

ரெண்டாவது, மாறிப்போன ரூட். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துடுவாங்க. பைபாஸில் இரைப்பையை ஒரு முட்டை அளவுக்குச் சின்னதாக்கி, குடலை வேறு இடத்தில் இணைப்பாங்க. படிச்ச பாடப் புத்தகத்தில் இருக்கிற வயிறு அங்கே இருக்காது!

'அதான் இப்போ லேப்ராஸ்கோபி இருக்கே, சின்னச் சின்ன ஓட்டைதானே?' நல்ல கேள்வி. ஓட்டை போட்டு செஞ்சா ஒட்டு குறைவு, உண்மை. ஆனால் பைபாஸில் ஒரு ட்விஸ்ட். ஒட்டாத குடல் ஃப்ரீயா அலையும். ரூட் மாத்தினதால் உண்டான இடுக்குகளில் போய் மாட்டிக்கும். ஸ்வீடனில் சுமார் 2,500 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அந்த இடுக்குகளைத் தைச்சு மூடினவங்களில், குடல் அடைப்புக்காக மூணு வருஷத்துக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது 5.5 சதவீதம் பேருக்கு. மூடாதவங்களில் 10.2 சதவீதம்!

டிராயிங் எங்கே?

இங்கேதான் என்னை மாதிரி இன்ஜினீயரிங் பசங்களுக்கு ஒரு விஷயம் உறைக்குது. கட்டடம் கட்டி முடிச்சதும் 'ஆஸ்-பில்ட் டிராயிங்' கொடுப்பாங்க. பிளானில் என்ன இருந்தது என்பது இல்லை, நிஜமா எந்தப் பைப் எங்கே போகுது என்பது. அது இல்லாமல் சுவரை உடைக்கிறவன் தண்ணிக் குழாயைத்தான் உடைப்பான். வயிற்றுக்கும் அந்த டிராயிங் உண்டு. அதுதான் 'ஆபரேஷன் நோட்'. எந்த வகை ஆபரேஷன், எவ்வளவு நீளக் குடல், எங்கே இணைப்பு, இடுக்கை மூடினாங்களா... எல்லாம் அதில் இருக்கும்.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி திருப்பத்தூர் வரணும். அங்கிருந்து வேலூர் சுமார் 90 கிலோமீட்டர். வலியில் துடிக்கிறவர் 108 ஆம்புலன்ஸில் படுத்துக்கிட்டு, 'ஏதோ வயித்தைச் சின்னதாக்கினாங்க சார்'னு சொன்னால், டியூட்டி டாக்டர் பாவம் என்ன செய்வார்? மூக்கு வழியா குழாய் விடுறதுக்குக்கூட அவருக்கு உள்ளே இருக்கும் ரூட் தெரியணும்!

வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகியிருந்தால், இதைக் கட் பண்ணி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்க:

* டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் நோட்டையும் கேட்டு வாங்குங்க. மொபைலில் போட்டோ எடுத்து, வீட்டில் ரெண்டு பேரிடம் அனுப்பி வைங்க.

* விட்டு விட்டு இழுத்துப் பிடிக்கும் வலி, வயிறு உப்புசம், வாந்தி, காற்றும் மலமும் போகாமல் இருப்பது... இதில் எது வந்தாலும் சோடா குடிச்சுட்டுப் படுக்காதீங்க. பைபாஸ் ஆனவருக்கு வாந்தியே வராமலும் அடைப்பு இருக்கலாம். சாதாரண எக்ஸ்-ரே நார்மல்னு சொன்னதும் வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க. சி.டி. ஸ்கேன் தேவையானு கேளுங்க.

* பைபாஸ் ஆனவங்க மருந்துக்கடையில் வலி மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிப் போடக் கூடாது. இணைப்பு இடத்தில் அல்சர் வரலாம்.

* மறு ஆபரேஷன்னா சர்ஜனிடம் கேளுங்க: 'இந்த மாதிரி கேஸ் செஞ்சிருக்கீங்களா? ஒட்டு அதிகமா இருந்தா வயிற்றைத் திறப்பீங்களா?' லேப்ராஸ்கோபியில் ஆரம்பிச்சு பாதியில் வயிற்றைத் திறப்பது தோல்வி இல்லை. பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு.

அதிக எடையோடு சர்க்கரை நோயும் சேர்ந்து படுத்துறவங்களுக்கு இந்த ஆபரேஷன் பெரிய வரம். அதனால் பீதி வேண்டாம். ஆனால் 'ஃபேர்வெல்லுக்குள்ள ஜீன்ஸ் சைஸ் குறையணும்'னு யோசிக்கிற நண்பன் இருந்தால், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்க... 'மச்சி, வெளியே இருக்கிற தழும்பு மறைஞ்சுடும். உள்ளே இருக்கிற தழும்பு உன்கூடவே வரும்!'