படிவம் 1 கணிதம்: பிள்ளை எங்கே தடுக்குகிறது?

தமிழ்ப்பள்ளியில் கணிதத்தில் நல்ல புள்ளி வாங்கிய பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போன சில மாதங்களிலேயே கணிதப் புத்தகத்தைத் தொட மறுப்பதுண்டு. படிவம் 1 பாடநூலின் 5ஆம் அத்தியாயம் இயற்கணிதக் கோவைகள். 6ஆம் அத்தியாயம் நேரியல் சமன்பாடுகள். சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். 2021இல் யுபிஎஸ்ஆரும் 2022இல் பிடி3யும் அகற்றப்பட்டுவிட்டதால், எஸ்பிஎம் வரை பொதுத்தேர்வு எதுவும் இதைக் காட்டிக் கொடுக்காது.

குறைநீக்கல் போதனை என்பது அதே பாடத்தை மெதுவாக மறுபடி நடத்துவதன்று. எந்தத் தவறு, ஏன் வந்தது என்று தேடுவது. 3a + 2 என்பதை 5a என்று எழுதும் மாணவன் கவனக்குறைவால் எழுதவில்லை. கூட்டல் குறி இருந்தால் ஒரே விடை வரவேண்டும் என்றுதான் ஆறு ஆண்டுகள் பழகியிருக்கிறான். 'தப்பு' என்று சிவப்பு மையால் கோடு போட்டால் அது மாறாது. a-க்குப் பதில் 10 போடச் சொல்லலாம்: 3a + 2 என்றால் 32, 5a என்றால் 50. இரண்டும் ஒன்றல்ல என்பதை அவனே காண்பான்.

சமன்பாட்டுக்கு உணவகமே போதும். மூன்று ரொட்டி சானாய், 2 ரிங்கிட்டுக்கு ஒரு தே தாரேக், மொத்தம் 8 ரிங்கிட். ரொட்டி என்ன விலை? தே தாரேக் காசைக் கழித்து மூன்றால் வகுக்கப் பிள்ளைக்குத் தெரியும். அதைத்தான் 3x + 2 = 8 என்று எழுதுகிறோம். இருபக்கமும் 2ஐக் கழித்தால் 3x = 6; x = 2. 'மறுபக்கம் போனால் குறி மாறும்' என்ற குறுக்குவழியை முதலிலேயே கொடுத்துவிட்டால், ஏன் மாறுகிறது என்று பிள்ளை கேட்பதே இல்லை.

சிலருக்குத் தடை இயற்கணிதமே அல்ல, எதிர்மறை எண்கள். −(x − 3) என்பதை −x − 3 என்று எழுதுபவருக்கு அங்கிருந்து தொடங்க வேண்டும். இன்னும் சிலருக்கு மொழி. 'கெம்பாங்கான்' என்றால் விரிவாக்கு, 'பெர்மூடாக்கான்' என்றால் சுருக்கு, 'செலெசைக்கான்' என்றால் தீர்வு காண். இந்த மூன்று மலாய்ச் சொற்களும் குழம்பினால், கணக்குத் தெரிந்த பிள்ளையும் தவறான வேலையைச் செய்துவிட்டு வரும்.

பிரத்தியேக வகுப்பில் சேர்க்கும் பெற்றோர், திருத்திய தேர்வுத்தாளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம். புள்ளியைவிட, பிள்ளை எழுதிய வழிமுறைகள்தாம் ஆசிரியருக்கு உதவும்.