டீக்குப் பின் ஒரு மடக்குத் தண்ணீர்!

எங்கள் ஆபீஸில் பதினோரு மணி டீ, மூணு மணி டீ, மேனேஜர் திட்டினால் ஸ்பெஷல் டீ. எல்லாவற்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பல்லைக் கெடுப்பதில் சர்க்கரையின் அளவைவிட இந்த 'அடிக்கடி'க்குத்தான் பங்கு அதிகம், பிரதர்! இனிப்பு உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் வாயிலிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று அமிலத்தைக் கக்கும். எனாமல் கரைய ஆரம்பிக்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் அடுத்த டீ வந்தால் பாவம், எச்சில்தான் என்ன செய்யும்? குடித்ததும் தண்ணீரால் கொப்பளித்து விடுங்கள். காசா, பணமா?

பக்கத்து சீட் நண்பருக்கு ஈறில் ரத்தம். பயந்துபோய் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்த்தார். பெரும்பாலும் அழுக்குப் படிந்துதான் ஈறு வீங்கி ரத்தம் கசியும். மென்மையான பிரஷ்ஷால் அங்கேதான் பதமாகத் தேய்க்கணும். மனுஷன் டாக்டரிடமும் போகவில்லை. இப்போது முன்பல் இரண்டு ஆடுகிறது. பெண் பார்க்கிற நேரம் வேறு!

வேப்பங்குச்சி? தாராளமாக. நுனியை மென்று பிரஷ் மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். செங்கல்பொடி, கரி மட்டும் வேண்டவே வேண்டாம், எனாமலை அராவிவிடும். கிராம்பு வலியை மரத்துப்போக வைக்கும், குழியை அடைக்காது.

குச்சியோ பிரஷ்ஷோ, ராத்திரி ஃப்ளோரைடு பேஸ்ட்டால் ஒருதரம் தேய்த்தே ஆகணும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். தேய்த்தபின் பிஸ்கட் டப்பா பக்கம் போகப்படாது, ஆமாம்!