இருளில் முடியும் திருப்பாடல்



2004 டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்ப விழா. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் பலரைச் சுனாமி வாரிச் சென்றது. பேராலயம் தப்பியது. "மாதா காப்பாற்றினார்" என்றோம். அப்படியானால், மணலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயை மாதா கைவிட்டாரா?

ஆரப்பாளையத்துத் துக்க வீடுகளிலும் இதே கேள்வியைச் சந்திக்கிறோம். "எல்லாம் இறைச்சித்தம்" என்று நாமும் அவசரப்பட்டுச் சொல்லியிருக்கிறோம். தவறுதான்.

திருப்பாடல் 88-ஐ வாசியுங்கள். புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இதுவோ இருளிலேயே முடிகிறது. கடவுளிடமிருந்து பதில் ஏதும் இல்லை. ஆயினும் திருச்சபை இதை ஒதுக்கிவிடவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. பாடியவர் கடவுளைக் குற்றம் சாட்டுகிறார், ஆனால் வேறு யாரிடமும் போகவில்லை, அவரிடமே முறையிடுகிறார். துக்க வீட்டில் "ஏன் சாமி?" என்று அழுபவரும் அதைத்தான் செய்கிறார். அவரை அவிசுவாசி என்று திருத்த நாம் யார்?