பறவைக் காய்ச்சல் பண்ணைக்குப் பண்ணை பரவும் விதம்

பறவைக் காய்ச்சல் என்பது ஏ வகை இன்ஃபுளுவென்சா வைரசால் பறவைகளுக்கு உண்டாகும் தொற்றுநோய் ஆகும். காட்டு வாத்து முதலிய நீர்ப்பறவைகளே இவ்வைரசின் இயற்கை இருப்பிடம். வைரஸ் அவற்றின் குடலில் பெருகி, எச்சத்தின் வழியே நீர்நிலைகளில் கலக்கிறது. பல சமயம் அப்பறவைகளுக்கு நோய்க்குறி எதுவும் தெரிவதில்லை. எச்5, எச்7 துணைவகைகள் பண்ணைக் கோழிகளுக்குள் புகுந்து சுற்றும்போது கடும் வீரியம் பெறக்கூடும். அப்போது ஒரு கொட்டகையின் கோழிகள் ஏறக்குறைய அனைத்தும் சில நாட்களில் மடிந்துவிடும்.

ஒரு வட்டாரத்தின் முதல் பண்ணைக்கு நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் காட்டுப் பறவை. அங்கிருந்து அடுத்த பண்ணைக்கு அது போவதில் மனிதரின் நடமாட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பரவும் வழிகள்

நோயுற்ற கோழியின் எச்சத்திலும் மூக்குநீரிலும் வைரஸ் மிகுதியாக வெளியேறுகிறது. எச்சத்தில் அது 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 6 நாட்களும், 4 டிகிரி குளிரில் ஒரு மாதத்துக்கு மேலும் உயிர்ப்புடன் இருக்கும். செருப்பில் ஒட்டிய எச்சமும், தீவன லாரியின் டயரில் ஒட்டிய சேறும் ஆபத்தானவை என்பதற்கு இதுவே காரணம். பண்ணை பண்ணையாகச் செல்லும் முட்டை அட்டைகள், கோழிக் கூண்டுகள், கோழி பிடிக்கும் ஆட்கள், தடுப்பூசி போடுவோர், இறந்த கோழிகளை ஏற்றும் வண்டி ஆகிய அனைத்தும் வைரசைச் சுமக்கக்கூடியவை. உயிர்க்கோழிச் சந்தையில் விற்காத கோழியைத் திரும்பப் பண்ணைக்குக் கொண்டுவருவது இவற்றுள் மிக மோசமான பழக்கம் எனலாம்.

நெதர்லாந்து, 2003

பண்ணைகள் நெருங்கி அமைந்தால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்தின் எச்7என்7 தொற்று காட்டியது. 2003 மார்ச் தொடக்கத்தில் கெல்டர்லாந்து மாகாணத்தில் நோய் உறுதியானவுடன் கோழிகளை இடம் மாற்றத் தடை விதிக்கப்பட்டது. பரவும் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பண்ணைகள் அடர்ந்த அப்பகுதியில், நோய் பிடிக்க இனிக் கோழியே இல்லை என்னும் நிலை வந்த பின்னர்தான் தொற்று அடங்கியது. நாடு முழுவதும் சுமார் 3 கோடிப் பறவைகள் அழிக்கப்பட்டன. 89 பேருக்குத் தொற்று உறுதியானது; நோயுற்ற பண்ணைக்குச் சென்ற கால்நடை மருத்துவர் ஒருவர் இறந்தார்.

பின்னர் வைரசின் மரபணுத் தரவுகளையும் அந்நாட்களின் காற்றுத் திசையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். தொற்று பரவிய திசைக்கும் காற்று வீசிய திசைக்கும் தொடர்பு இருந்தது. எனினும் காற்றால் விளக்கக்கூடியவை மொத்தத் தொற்றுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. தூசியும் இறகுத் துகளும் பக்கத்துப் பண்ணையை எட்டலாம்; தொலைவுக்குச் செல்ல வைரசுக்கு வண்டியோ ஆளோ வேண்டும்.

குட்டநாடும் நாமக்கல்லும்

கேரளத்தின் குட்டநாட்டில் நிலைமை வேறு. அங்கு அறுவடை முடிந்த நெல்வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய வாத்துகளை வயல் வயலாக ஓட்டிச் செல்வர். வலசைப் பறவைகள் இறங்குவதும் அதே வயல்களில்தான். வேலியும் வாயிலும் இல்லாத இவ்வகை வளர்ப்பில், மூடிய கொட்டகைக்கு வகுத்த விதிகளில் பாதி பொருந்தாது. 2014 நவம்பரில் எச்5என்1 வைரசும், 2021 ஜனவரியில் எச்5என்8 வைரசும் அங்கு வாத்துகளைத் தாக்கின. கேரளத்துக்கு முட்டை அனுப்பும் நாமக்கல் பண்ணையாளர்களுக்கு இது அயலூர்ச் செய்தி அன்று. முட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி நேராகப் பண்ணை வாயிலுக்கு வருகிறது. எனவேதான் எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்படுகிறது.

தகவல் தரும் காலம்

இந்தியாவில் நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகள் அழிக்கப்பட்டு, 10 கிலோமீட்டர் வரை கண்காணிக்கப்படும். அழிக்கப்படும் பறவை, முட்டை, தீவனம் ஆகியவற்றுக்கு இழப்பீடு உண்டு. இத்தொகை தாமதமானாலோ போதாமல் போனாலோ, கோழிகள் சாகத் தொடங்கியதும் நலமாகத் தெரியும் மிச்சத்தை விரைந்து விற்றுவிடும் எண்ணம் சிறு பண்ணையாளருக்கு வருவது இயல்பே. முதல் கோழி இறந்ததற்கும் கால்நடைத் துறைக்குத் தகவல் சென்றதற்கும் இடைப்பட்ட அந்த நாட்களில் வெளியேறிய வண்டிகளைத்தான் அதிகாரிகள் முதலில் தேடுகின்றனர்.