கதவுக்கு அந்தப் பக்கம் யார்? – ‘தி பர்ஜ்’ படத்தை முன்வைத்து

அந்நியர்கள் வீடு புகுந்து குடும்பத்தை மிரட்டும் த்ரில்லர், சினிமாவில் மிகப் பழைய சரக்கு. கிரிஃபித்தின் ‘தி லோன்லி வில்லா’வில் (1909) கதவை உடைக்கும் திருடர்கள், உள்ளே நடுங்கும் தாயும் மகள்களும், தொலைவிலிருந்து விரைந்துவரும் கணவன் என்று மாறிமாறி வெட்டிக் காட்டியே பதற்றம் உண்டாக்கப்பட்டது. வெறும் உத்திதானே என்று தோன்றும். அதே கிரிஃபித் 1915இல் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ எடுத்தபோது, குடிசைக்குள் வெள்ளைக் குடும்பம், வெளியே கறுப்புச் சிப்பாய்கள், காப்பாற்றக் குதிரையில் வருவது கு க்ளக்ஸ் க்ளான். திருடன் நின்ற இடத்தில் ஒரு இனத்தையே நிறுத்தியாயிற்று. கேமரா உள்ளே நின்றால் பார்வையாளனும் உள்ளேதான் நிற்பான். வெளியே நிற்பவனுக்குப் பெயர் தேவையில்லை, நியாயமும் தேவையில்லை. இந்த வடிவத்தின் அரசியல் இதுதான்.

ஜேம்ஸ் டிமோனாகோவின் ‘தி பர்ஜ்’ (2013) இதைத் தலைகீழாக்கும் என்று நம்பித்தான் பார்க்க உட்கார்ந்தேன். பர்ஜ் என்றால் நம் பேச்சில் பேதிக்குக் கொடுப்பது. கதை நடப்பது 2022இல். ஆண்டுக்கு ஒரு இரவு, 12 மணி நேரம், கொலை உட்பட எல்லாமே சட்டபூர்வம். வேலையின்மை 1 விழுக்காடு ஆகிவிட்டது என்கிறது படத்தின் தொடக்கம். யாரைக் கழித்துக்கட்டி இந்தக் கணக்கு வந்தது? அக்கம்பக்கத்தாருக்குப் பாதுகாப்புக் கருவிகள் விற்றே பணக்காரனான ஜேம்ஸ் சாண்டினின் மகன், அடிபட்டு ஓடிவரும் வீடற்ற கறுப்பு மனிதன் ஒருவனை உள்ளே விடுகிறான். வெளியே, முகமூடியணிந்து நாசூக்காகப் பேசும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள்: அவனைக் கொடு, இல்லையென்றால் நீங்களும் சாவீர்கள். சும்மா சொல்லக்கூடாது, அருமையான தொடக்கம். வேட்டையாடப்படுபவன் உள்ளே, கனவான்கள் வெளியே.

அப்புறம் என்ன ஆச்சு? ஆளை இருட்டு அறைகளுக்குள் தொலைத்துவிட்டுப் படம் கண்ணாமூச்சி ஆடுகிறது. பிடிபட்டதும் நாற்காலியில் கட்டுகிறார்கள். ஒப்படைப்பதா வேண்டாமா என்பது குடும்பத்தின் மனசாட்சிச் சிக்கலாகிவிடுகிறது. அவன் உயிர் அவர்களுடைய ஒழுக்கத் தேர்வுக்கு வினாத்தாள், அவ்வளவுதான். நடிகர் பட்டியலில்கூட அவன் ‘ரத்தம் தோய்ந்த அந்நியன்’. டான்ட்டே பிஷப் என்ற பெயர் கிடைக்க 2016இல் மூன்றாம் படம் வரவேண்டியிருந்தது. கடைசியில் அக்கம்பக்கத்தாரே கொல்ல வருகிறார்கள். தங்கள் காசில் இவன் வீட்டைப் பெரிதாக்கிக்கொண்டான் என்ற வயிற்றெரிச்சல். படம் உண்மையைத் தொடும் ஒரே இடம் இது, அதையும் சில மனிதர்களின் குணக்கேடாகச் சுருக்கிவிடுகிறார்கள். குடும்பத்தைக் காப்பாற்றுவதும் அந்த அந்நியன்தான். விடிந்ததும் நடந்து போய்விடுகிறான். அடுத்த ஆண்டு அதே இரவில் அவன் எந்தக் கதவைத் தட்டுவான்? கேமராவுக்கு அக்கறையில்லை. ஆட்களை இடம் மாற்றியவர்கள் கேமராவை மாற்றவில்லை.

இதை அழகியல் குறை என்று மட்டும் பேசி விட்டுவிட முடியாது. 2012 பிப்ரவரியில், ஃப்ளோரிடாவின் சான்ஃபோர்டில், மதில் சூழ்ந்த குடியிருப்புக்கு விருந்தாளியாக வந்திருந்த 17 வயதுக் கறுப்புச் சிறுவன் ட்ரேவான் மார்ட்டின், கடைக்குப் போய்த் திரும்பும்போது குடியிருப்பின் காவல் தன்னார்வலரால் சுட்டுக் கொல்லப்பட்டான். தங்கியிருந்த இடத்திலேயே அவன் ‘புகுந்தவன்’ ஆனான். படம் வந்தது 2013 ஜூனில். சுட்டவரை நடுவர் குழு விடுவித்தது ஜூலையில். நூறு ஆண்டுகளாக வீட்டு ஜன்னல் வழியாகவே பார்க்கப் பழகிய கண்ணுக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் சம்பந்தமேயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

டிமோனாகோவே 2014இல் இரண்டாம் படத்தில் தெருவுக்கு இறங்கினார். கதை எழுதுகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். விளிம்புநிலை மனிதனைப் பிரதிக்குள் கூட்டிவந்துவிட்டோம் என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், அவன் உள்ளே வந்தபின் யாருடைய கதை நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.