ராத்திரி துள்ளிய மீன், காலையில் மிதப்பது ஏன்?

“நேற்று சாயங்காலம் தவிடும் புண்ணாக்கும் போட்டபோது நன்றாகத்தான் தின்றன. காலையில் போய்ப் பார்த்தால் கரையோரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக மிதக்கின்றன. யாராவது விஷம் கலந்திருப்பார்களா?” பங்குனி, சித்திரை வந்துவிட்டால் ஏரி, கண்மாய் குத்தகைக்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. விஷம் என்று முடிவுகட்டிப் பக்கத்து வயல்காரரோடு சண்டைக்குப் போகும் முன், செத்த மீன்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

பெரிய மீன்கள் முதலில் செத்து, குஞ்சுகள் ஓரளவு தப்பியிருக்கிறதா? வாய் திறந்து, செவுள் விரிந்திருக்கிறதா? விராலும் தேளியும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலத் திரிகின்றனவா? அப்படியானால் பெரும்பாலும் அது ஆக்ஸிஜன் பற்றாக்குறைதான். விராலும் தேளியும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியவை; கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்த வசதி இல்லை. நோய் என்றால் நாளுக்குப் பத்து, இருபது என்று சாகும். பூச்சிமருந்து என்றால் தண்ணீர்ப் பூச்சிகளும் சின்ன மீன்களும் சேர்ந்தே மடியும், அதுவும் எந்த நேரத்திலும் நடக்கும். ஒரே இரவில், விடியும் வேளையில் கூட்டமாக மிதந்தால் முதல் சந்தேகம் ஆக்ஸிஜன் மீதே வரவேண்டும்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூடுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்பது அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற அதுவும் குறையும். கெண்டை மீன்களுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. மூன்றுக்குக் கீழே போனால் தீவனத்தைத் தொடாது. ஒன்றுக்குக் கீழே சில மணி நேரம் நின்றால் பிழைப்பது கஷ்டம்.

இதில் நம்மை ஏமாற்றுவது பச்சைத் தண்ணீர். பச்சையாக இருந்தால் மீனுக்குத் தீனி என்று சாணத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பாசி பகலில் வெயிலை வாங்கி ஆக்ஸிஜனை வெளியிடும். மதியம் அளந்தால் 10 மில்லிகிராம்கூடக் காட்டும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி, மீனோடு போட்டிபோட்டு ஆக்ஸிஜனை எடுக்க ஆரம்பிக்கும். அடிச்சேற்றில் மக்கும் சாணமும் இலைதழையும் வேறு எடுக்கும். சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான் இருப்பு மிகக் குறைவு. நாலைந்து நாள் மேகமூட்டம், காற்றே இல்லாத புழுக்கம், கோடையின் முதல் மழை அடித்துக்கொண்டு வரும் குப்பை, சாக்கடை கலப்பு என எது சேர்ந்தாலும் ஆபத்து. பெங்களூரு அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததே, அங்கும் கழிவுநீரும் ஆக்ஸிஜன் குறைவும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டும் என்பதில்லை. கையை நேராக நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி மடக்கித் தண்ணீரில் இறக்குங்கள். முழங்கை நனையும்வரை உள்ளங்கை தெரிந்தால் பயமில்லை. மணிக்கட்டைத் தாண்டியதுமே மறைந்தால் சாணம், தீவனம் இரண்டையும் அன்றே நிறுத்துங்கள். விடியற்காலை 5 மணிக்குக் கரையில் நின்று பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, ஆள் நடமாட்டம் கேட்டும் உள்ளே போகாவிட்டால், அன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும்.

மோட்டார் இருந்தால், ஏரித் தண்ணீரையே இறைத்து உயரத்திலிருந்து சிதறி விழும்படி ஏரியிலேயே விடுங்கள். போர்வெல் தண்ணீரை நேராகக் குழாயில் விடுவதில் பிரயோஜனம் குறைவு. பூமிக்கடியிலிருந்து வருவதில் பெரும்பாலும் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் இருக்கும். கல்லிலோ தகரத்திலோ அடித்துத் தெறித்து விழட்டும். பண்ணைக்குட்டையில் ஏரேட்டர் வைத்திருப்பவர்கள் பகலில் ஓட்டிக் கரன்ட்டை வீணாக்காமல், நள்ளிரவிலிருந்து சூரியன் வரும்வரை ஓட்டினாலே போதும். ஆளை இறக்கிச் சேற்றைக் கலக்குவது மட்டும் வேண்டாம். நிலைமை இன்னும் மோசமாகும்.

பெரிய ஏரியில் இதெல்லாம் ஓரளவுதான் எடுபடும். அங்கே கணக்கு வேறு. 20 ஏக்கர் தண்ணீர் வற்றி 5 ஏக்கரானால், அதே மீன்கள் நாலு மடங்கு நெருக்கத்தில் நிற்கின்றன. இன்னும் கொஞ்சம் எடை போடட்டும், விலை ஏறட்டும் என்று காத்திருப்பதைவிட, தண்ணீர் குறையும்போதே பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிடுவதே புத்திசாலித்தனம் என்பேன்.

புதிதாகக் குஞ்சு விடுபவர்களுக்கும் இது பொருந்தும். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கருக்கலில் விடுவது வழக்கம். தெளிந்த தண்ணீரில் அது சரி. பச்சை ஏரியில் அதுதான் மிக மோசமான நேரம். வண்டியில் வந்த களைப்போடு குஞ்சு மூச்சுக்கும் திணறும். வெயில் ஏறி, காலை 8, 9 மணிக்கு விடுங்கள். பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக வெளியேறட்டும். சந்தேகமாக இருந்தால் மொத்தக் குஞ்சுக்கும் பணம் கட்டும் முன், ஒரு வலைத்தொட்டிலைக் கட்டி 50 குஞ்சுகளை மட்டும் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். மறுநாள் விடியலில் அவை உயிரோடு நீந்தினால் மற்றதை வரவழைக்கலாம்.